‘நான் உப்பு!’

சென்ற மாதம் ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு துணுக்கு படித்தேன். பத்திரிகையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆசிரியர் எனக்கு வேண்டியவர், நல்ல மனிதர், தீபாவளி மலருக்குக் கதை கேட்டால் முன்பணம்கூட அனுப்புகிறவர். துணுக்கு இதுதான்:

ஜமைக்காத் தீவில் சம்பள நாளுக்கு முன்னால் கையில் காசில்லாமல் நிற்பவனைப் பார்த்து, “எப்படியப்பா இருக்கிறாய்?” என்று கேட்டால், “மி சால்ட்” என்பானாம். ‘நான் உப்பு’ என்று அர்த்தம். இந்த வழக்கு எப்படி வந்தது? முன்னொரு காலத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் ஓர் அடிமை இருந்தானாம். சம்பள நாளன்று கிடைத்த கருவாட்டை அன்று இரவே சுட்டுத் தின்று, விடிய விடிய ஆடிப்பாடித் தீர்த்துவிட்டானாம். மறுநாள் பீப்பாயைக் கவிழ்த்தால் வெறும் உப்புத்தான் கொட்டிற்றாம். “இனி நான் உப்பு!” என்று சொல்லிச் சிரித்தானாம். நாளையைப் பற்றிக் கவலைப்படாத அந்த மக்களின் உல்லாச சுபாவத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு என்று துணுக்கு முடிகிறது. பக்கத்திலே ஒரு படமும் உண்டு. கறுப்பு மனிதன் ஒருவன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். முடியவில்லை. எழுதவேண்டிய அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் ஜமைக்காவைப் பற்றி அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் தணியும் என்று நினைத்தேன், அதுவும் நடக்கவில்லை.

அடிமைக்கு ஏது ஐயா சம்பள நாள்?

துணுக்கு எழுதியவர் இந்த ஒரு கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொண்டிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். சம்பளம் இல்லாததால்தானே அவன் அடிமை! சம்பள நாள் என்று ஒன்று இருந்தால் அவன் கூலிக்காரன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டு, அதற்குமேல் அவனுடைய ஊதாரித்தனத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

வழக்கு இருப்பது வாஸ்தவம். அதை நான் மறுக்கவில்லை. ஜமைக்க மக்களின் பேச்சில் ‘சால்ட்’ என்றால் உப்பு. காசில்லாத நிலையும் அதுதான். அதிர்ஷ்டம் கெட்டுப்போன நிலையும் அதுதான். கடைசி அர்த்தத்தைத் துணுக்குக்காரர் சௌகரியமாக விட்டுவிட்டார். அது இருந்தால் அவர் கதை நிற்காது. ‘நான் உப்பு’ என்கிறவன், ‘நான் செலவழித்துவிட்டேன்’ என்று சொல்லவில்லை. ‘எனக்கு இப்படி நேர்ந்திருக்கிறது’ என்கிறான். மழை பெய்யவில்லை என்று குடியானவன் சொல்வதுபோல.

இங்கே ஒரு சிறு இலக்கண விஷயம். ‘மி சால்ட்’ என்பதில் ஆங்கிலத்தின் ‘ஆம்’ என்ற வினை இல்லை. இதைப் பார்த்து ஆங்கில வாத்தியார்கள் பல தலைமுறையாகச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி வந்திருக்கிறார்கள். தமிழனுக்கு இதில் திருத்த என்ன இருக்கிறது? ‘நான் ஏழை’ என்று நாம் சொல்வதில்லையா? நடுவே ஒரு வினை எங்கே கிடக்கிறது? அது அந்தப் பேச்சின் இலக்கணம். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் தடம் அதிலே இருக்கிறது. காசிடி, லெபேஜ் என்ற இரண்டு அறிஞர்கள் அந்தப் பேச்சுக்கு 1967-ல் கேம்பிரிட்ஜில் ஓர் அகராதியே வெளியிட்டார்கள். எந்தச் சொல் எந்த ஆண்டில் எந்த ஏட்டில் வந்தது என்று தேதி போட்டுக் காட்டும் அகராதி. கொச்சை என்று தள்ளப்பட்ட பேச்சுக்கு அப்படி ஓர் அகராதி வந்ததே பெரிய விஷயம். நம் துணுக்குக்காரருக்குத் தேதி வேண்டியதில்லை. ‘முன்னொரு காலத்தில்’ போதும்.

சரி, அடிமைக்குச் சம்பளம் இல்லை, என்ன இருந்தது? படி இருந்தது. ஆண்டான் அளந்து போட்ட படி. அதிலே முக்கியமானது உப்பு மீன். நியூபவுண்டுலாந்து, நோவாஸ்கோஷியா, நியூ இங்கிலாந்துக் கடற்கரைகளில் பிடித்து உப்பிட்டு உலர்த்திய காட் மீன். பீப்பாயில் உப்புநீரில் ஊறிய ஹெர்ரிங். காட் மீனைத் தரம் பிரிக்கும்போது நல்லதெல்லாம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போகும். உடைந்தது, அதிகமாக உப்பேறியது, சரியாகக் காயாதது எல்லாவற்றையும் ஒதுக்கி அந்தக் குவியலுக்கு வியாபாரிகள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ‘மேற்கிந்தியா’. வேறு யாருக்கும் விற்க முடியாததுதான் அந்தத் தரம். தீவின் பெயரே கழிசல் மீனுக்குப் பெயராகிவிட்டது. கப்பல் திரும்பும்போது சர்க்கரைப் பாகும் ரம்மும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

மீனைத் தவிர மற்ற சாப்பாடெல்லாம் அடிமைகளே பயிர் செய்துகொள்ள வேண்டியது. கரும்புக்கு உதவாத மலைச்சரிவில் ஆளுக்கு ஒரு துண்டுக் கொல்லை. பெருவள்ளிக் கிழங்கு, சேம்பு, வாழை. அறுவடைக் காலம் போக மற்றக் காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு நாள் சொந்தக் கொல்லையில் வேலை செய்யலாம் என்று சட்டம். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அந்த நேரத்தில் விளைவித்ததைத் தாங்கள் தின்றதுமல்லாமல், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மைல் கணக்கில் சுமந்து போய் விற்கவும் விற்றார்கள். தீவின் வெள்ளைக்காரர் மேஜைக்குக் கிழங்கும் கோழியும் முட்டையும் அந்தச் சந்தையிலிருந்துதான் வந்தன. நாளையைப் பற்றிக் கவலைப்படாத மக்களாம்!

கவலைப்பட்டும் பயனில்லாத காலமும் வந்தது. அமெரிக்கா இங்கிலாந்தோடு யுத்தம் செய்து பிரிந்தபோது மீனும் தானியமும் கொண்டுவந்த கப்பல்கள் நின்றன. யுத்தம் முடிந்த பிறகு 1783-ல், அமெரிக்கக் கப்பல் எதுவும் நம் தீவுகளுக்குள் வரக்கூடாது என்று லண்டனில் உத்தரவு போட்டார்கள். அதே சமயத்தில் 1780, 1781, 1784, 1785, 1786 என்று அடுத்தடுத்துப் புயல். கொல்லையில் வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. 1780-க்கும் 1787-க்கும் இடையில் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் 15,000 அடிமைகள் செத்ததாக ஜமைக்கச் சட்டசபையே கணக்குச் சொல்லிற்று. கணக்குச் சொன்னவர்கள் தோட்ட முதலாளிகள். செத்தவர்கள் அவர்களுடைய சொத்து. ஆகவே மிகைப்படுத்தியிருப்பார்கள் என்கிறீர்களா? குறைத்துச் சொல்லவும் அவர்களுக்குக் காரணம் இருந்தது. நான் கேட்பது ஒன்றுதான். பீப்பாயின் அடியில் உப்பு மட்டும் மிஞ்சிய அந்த ஏழு வருஷத்தில் எவன் ஆடிப்பாடினான்?

இனி நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘ஓகோ, அப்படியானால் வழக்கு அந்தப் பஞ்சத்தில் பிறந்தது என்கிறீர்கள்’ என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல ஆசைதான். இதைவிட ஆசை தரும் கதை ஒன்றும் எனக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் உப்புத் தின்னாதவரை பறக்க முடியும், கடலைத் தாண்டி ஊருக்கே திரும்ப முடியும், உப்புத் தின்றவன் உடம்பு கனத்துத் தரையோடு தங்கிவிடுவான் என்று ஜமைக்காவில் ஒரு நம்பிக்கை. அடிமைத்தனம் ஒழிந்தபிறகு காங்கோப் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியாரிடம் இதை மோனிகா ஷூலர் என்ற சரித்திர ஆசிரியை கேட்டு எழுதியிருக்கிறார். 1980-ல் புத்தகமாக வந்தது. இறந்தவர்களின் ஆவிக்குப் படைக்கும் சோற்றில் உப்புப் போடுவதில்லை என்பதும் அந்த ஊர் வழக்கம். ‘நான் உப்பு’ என்றால் ‘நான் பறக்க முடியாதவன்’! கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்ததால்தான் சந்தேகமும் வந்தது. உப்பைப் பற்றிய நம்பிக்கை ஒன்று, காசில்லாதவன் பேச்சு ஒன்று; இரண்டிலும் உப்பு இருக்கிறது என்பதற்காக முடிச்சுப் போட்டால் நானும் துணுக்குக்காரனாகிவிடுவேன்.

இந்த முடிச்சுப் போடும் வியாதி நமக்குப் புதிதல்ல. ரோமாபுரிச் சிப்பாய்க்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். லத்தீனில் சம்பளத்துக்கு உள்ள சொல் உப்பிலிருந்து வந்தது என்பது மெய். உப்பு மூட்டையைக் கூலியாகச் சுமந்துபோன சிப்பாயைப் பழைய ரோமானிய நூல் எதுவும் காட்டவில்லை. நம் பண்டிதர்களோ சம்பாவையும் அளத்தையும் சேர்த்து, நெல்லும் உப்பும் கொடுத்ததால் ‘சம்பளம்’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. ‘சம்பலம்’ என்றால் வடமொழியில் வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு என்பதையும், அகராதி அங்கேதான் கை காட்டுகிறது என்பதையும் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

ஒரு பழமொழி எவனோ ஒருவன் வாயிலிருந்து ஒரு நல்ல முகூர்த்தத்தில் விழுவதில்லை. பலபேருக்கு ஒரே கஷ்டம் ஒரே காலத்தில் மறுபடியும் மறுபடியும் வந்தால்தான் அதற்கு ஒரு சொல் நிலைக்கும். ஆண்டர்ஸனும் கண்டாலும் 1910-லும், பெக்வித் அம்மையார் 1925-லும் ஜமைக்கப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார்கள். புரட்டிப் பாருங்கள், இன்னார் சொன்னது என்று எதற்காவது பெயர் இருக்கிறதா? ஆகவே சம்பள நாளுக்கு முந்திய வறுமைக்கு ஒரு சொல் இருக்கிறதென்றால், சம்பள நாள் வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் நியாயம்.

1834-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் ‘பயிற்சிக் காலம்’ என்று நாலு வருஷம் வைத்தார்கள். பிறந்தது முதல் கரும்பு வெட்டினவனுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சி! வாரத்தில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் கூலியில்லாமல் பழைய துரைக்கே உழைத்தார்கள். 1838 ஆகஸ்டு முதல் தேதிதான் உண்மையான விடுதலை. இதற்கு நஷ்ட ஈடாகப் பிரிட்டிஷ் சர்க்கார் இரண்டு கோடி பவுன் கொடுத்தது. ஜமைக்காவின் சுமார் 3,11,000 அடிமைகளுக்காக மட்டும் 61 லட்சம் பவுன். யாருக்கு? முதலாளிகளுக்கு. அடிமைக்கு ஒரு செப்புக்காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015-ல்தான் தீர்ந்தது; பிரிட்டனில் குடியேறி வரி கட்டிய ஜமைக்கர்களும் அதை அடைத்திருக்கிறார்கள்.

விடுதலையான மறுநாளே துரைமார்கள் புதிய கணக்கு நோட்டைத் திறந்தார்கள். நேற்றுவரை சும்மா குடியிருந்த குடிசைக்கு இன்று வாடகை. நேற்றுவரை சும்மா உழுத கொல்லைக்கு இன்று குத்தகை. வீட்டுக்கு ஒரு வாடகை என்றால் பரவாயில்லை. பல தோட்டங்களில் தலைக்கு ஒரு வாடகை. புருஷனுக்குத் தனி, பெண்சாதிக்குத் தனி, வேலை செய்யக்கூடிய பிள்ளைக்குத் தனி. வேலைக்கு வராத நாளுக்கு அபராதம்போல வாடகை ஏறும். கூலியோ நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், ஒன்றரை ஷில்லிங். வாரக் கடைசியில் கூலிக்கும் வாடகைக்கும் கழித்துப் பார்த்தால் கையில் என்ன இருக்கும்?

சம்பள நாளன்றே உப்பு!

அப்போது புழங்கிய சின்ன வெள்ளிக்காசு ஒன்று உண்டு. ஒன்றரைப் பென்ஸ். அதற்கு ஜமைக்கர்கள் ‘குவாட்டி’ என்று பெயர் வைத்தார்கள். கோயில் காணிக்கைக்குச் செம்பு கூடாது, வெள்ளிதான் போட வேண்டும் என்று அந்த ஏழைகள் பிடிவாதமாக இருந்ததால், காணிக்கைத் தட்டில் விழுந்தது இந்தக் காசு; ‘கிறிஸ்தவக் குவாட்டி’ என்றே பெயர் வந்துவிட்டது. தம்பிடிக்கு வழியில்லாதவன் ஆண்டவனுக்கு வெள்ளி போடுகிறான். இதை ஊதாரித்தனம் என்பீர்களா, மானம் என்பீர்களா? ‘குவாட்டிக்கு வாங்கிய வம்பை நூறு பவுன் கொடுத்தும் தீர்க்க முடியாது’ என்று ஒரு பழமொழியும் அந்தக் காசின்மேல் இருக்கிறது. கடன் வாங்கிப் பழகியவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

துணுக்குக்காரருக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். அவரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1865-ல் செயின்ட் ஆன் வட்டாரத்து ஏழைகள் விக்டோரியா மகாராணிக்கு மனுச் செய்தார்கள். மழையில்லை, வேலையில்லை, விலை ஏறிவிட்டது, சர்க்கார் நிலத்தில் கொஞ்சம் கொடுத்தால் பயிர் செய்து பிழைப்போம் என்றார்கள். லண்டனிலிருந்து பதில் வந்தது. தோன்றின போது மட்டும் வேலை செய்யாமல் ஒழுங்காக, இடைவிடாமல் தோட்டத்தில் கூலிக்கு உழையுங்கள். அப்படிச் செய்தால் நல்ல காலத்தில் மிச்சம் பிடித்துக் கெட்ட காலத்தைச் சமாளிக்கலாம் என்பது அதன் சாரம். இதற்கு ‘ராணியின் உபதேசம்’ என்று பெயர். கவர்னர் எய்ர் அதை அச்சடித்துத் தீவு முழுக்க ஒட்டச் செய்தார். நிலம் கேட்டவனுக்குச் சிக்கன உபதேசம்! அதே வருஷம் அக்டோபர் 11-ம் தேதி பால் போகிள் என்ற கோயில் ஊழியர் தலைமையில் ஜனங்கள் மொரான்ட் பே கச்சேரிக்குத் திரண்டு வந்தார்கள், கலகம் மூண்டது. அதை அடக்கிய விதத்தில் 439 பேர் மாண்டார்கள், 600 பேர் சவுக்கடி பட்டார்கள், 1,000 வீடுகள் எரிந்தன. இது பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷனே ஒப்புக்கொண்ட கணக்கு.

‘அந்த மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது’ என்பது அன்றிலிருந்து வரும் பல்லவி. சேமிப்பைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாலென்ன? ‘ஒவ்வொரு சேம்பாகப் போட்டால் கூடை நிறையும்’ என்பது ஜமைக்காவில் குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. சொல்வதோடு நிற்கவில்லை. ‘பார்ட்னர்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று நம்பிக்கையான ஒருவரிடம், பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளையிடம், போடுவார்கள். வாரத்துக்கு ஒருவராக மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால், ‘இது நம்ம சீட்டுத்தானே!’ என்பார்கள். ஆமாம், சீட்டேதான், பத்திரமில்லை, ஜாமீனில்லை, வாய்ச்சொல்தான். 1950-களில் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன ஜமைக்கர்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தபோது, பலர் இந்தப் பார்ட்னர் பணத்தில்தான் வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். வாரக் கூலியில் சீட்டுக் கட்டி வீடு வாங்கியவனைப் பார்த்து, ‘கருவாட்டை ஒரே இரவில் தின்றவனின் பேரன்’ என்கிறோம்.

நமக்கும் மாதக் கடைசி என்று ஒன்று இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதிக்குமேல் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்காத மத்தியதர வீடு எது? அதைப் பற்றி நானே எட்டுக் கதைகளாவது எழுதியிருப்பேன். நீங்களும் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் நடந்தால் அது விலைவாசி. ஜமைக்காக்காரன் வீட்டில் நடந்தால் அது சுபாவம்!

துணுக்குக்காரர் சம்பள நாளைத்தான் பார்க்க ஆசைப்பட்டால், 1938-ல் வெஸ்ட்மோர்லாந்தில் ஃப்ரோம் என்ற இடத்துக்குப் போகட்டும். இங்கிலாந்தின் டேட் அண்டு லைல் சர்க்கரைக் கம்பெனிக்காக அங்கே பெரிய ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. நாளைக்கு நாலு ஷில்லிங் கூலி என்று பேச்சுப் பரவி, தீவின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வந்து குவிந்தார்கள். கிடைத்ததோ அதற்கு வெகு குறைவு. ஏப்ரல் கடைசியில் சம்பளம் கொடுக்கும் இடத்திலேதான் தகராறு தொடங்கிற்று. மே 2-ம் தேதி போலீஸ் சுட்டது. நாலு பேர் செத்தார்கள். கலவரம் கிங்ஸ்டன் துறைமுகத்துக்குப் பரவிற்று. புஸ்டமான்டேயின் தொழிற்சங்கம் பிறந்தது. 1944-ல் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. 1962-ல் தேசமே விடுதலையாயிற்று. விசாரிக்க வந்த ராயல் கமிஷன் எழுதிய அறிக்கையை, யுத்த காலத்தில் எதிரிக்குப் பிரசாரமாகிவிடும் என்று பயந்து, 1945 வரை முழுசாக வெளியிடவில்லை. அவ்வளவு இருந்திருக்கிறது அதற்குள்.

இதையெல்லாம் ஆசிரியரிடம் டெலிபோனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அது சரி சார், துணுக்குக்குப் போய் இவ்வளவு கோபமா? ஒன்று செய்யுங்கள். உண்மையான கதை எதுவோ அதை எட்டு வரியில் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போட்டுவிடுகிறேன். படம் அதேயே இருக்கட்டும், பிளாக் செய்தாயிற்று” என்றார்.

எட்டு வரி எழுதினேன். முதல் வரியில், ஜமைக்காவில் அடிமைகளுக்குச் சம்பள நாள் கிடையாது என்று ஆரம்பித்து, எட்டாவது வரியில் ஃப்ரோம் வந்து சேர்ந்தேன். கீழே, அந்தப் படத்தோடு போடுவதானால் இதைப் போட வேண்டாம் என்று ஒரு குறிப்பும் எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு இதழ் வந்துவிட்டது. இன்னும் காணோம்.